வாங்குவோர் மனமும் மூளை ஆராய்ச்சியும்



மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் அடுத்தடுத்த இரு கடைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ரகக் கத்தரிக்காய். ஒரே நாள் மாலையில் பறித்தது. விலைப் பலகையில் எழுதியிருப்பதும் ஒரே விலைதான். ஆயினும் ஒருவருடைய கூடை எட்டு மணிக்குள் காலியாகி விடுகிறது. மற்றவர் பத்து மணிக்கும் பாதிக் கூடையுடன் அமர்ந்திருக்கிறார். காய் வாங்கிச் செல்லும் பெண்மணியை நிறுத்தி, "அம்மா, ஏன் அந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டால், "காய் நல்லா இருந்துச்சு, வாங்கினேன்" என்பார். அதற்கு மேல் அவரால் சொல்ல இயலாது. அவர் எதையும் மறைக்கவில்லை. தாம் முடிவு செய்த விதம் அவருக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

இந்தத் தெரியாத பகுதியை அறிந்து கொள்ள உலகின் பெரிய வணிக நிறுவனங்கள் ஏராளமாகச் செலவிடுகின்றன. சோப்பு, பானம், நொறுக்குத் தீனி, கார் ஆகியவற்றை விற்போர் முன்பெல்லாம் வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்டு, வந்த விடைகளைக் கூட்டிக் கணக்குப் பார்த்தனர். இப்போது அதோடு நில்லாமல், வாங்குபவரின் மூளையையே அளந்து பார்க்கின்றனர். இதற்கு 'நியூரோ மார்க்கெட்டிங்' என்று பெயர். 2002ஆம் ஆண்டில் நெதர்லாந்துப் பேராசிரியர் ஏல் ஸ்மிட்ஸ் இப்பெயரைப் பயன்படுத்தினார். நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். விளைபொருளை விற்கும்போது நீங்கள் ஒரு வியாபாரி. விதையும் மருந்தும் வாங்கும்போது நீங்களே நுகர்வோர். ஆகவே இக்கலை உங்களை இருபுறமும் தொடுகிறது.

மூளையை அளப்பது எப்படி?

மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக் கொள்கிறது. இவ்வளவு செலவு வைக்கும் உறுப்பு, ஒவ்வொரு கத்தரிக்காய்க்கும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. பழக்கம், மணம், நிறம், முன் அனுபவம் ஆகிய குறுக்கு வழிகளில் சென்று முடிவெடுத்து விடுகிறது. காரணத்தைப் பின்னர்தான் தேடுகிறது.

இதை அளக்க முக்கியமாக இரு கருவிகள் பயன்படுகின்றன. முதலாவது, வலிப்பு நோயாளிகளுக்கு மருத்துவமனையில் எடுக்கப்படும் இ.இ.ஜி. என்னும் மின்னலைப் பதிவு. ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். தலையில் மின்முனைகள் பொருத்திய குல்லாயை மாட்டிவிட்டு, விளம்பரத்தைக் காட்டி, அலைகள் மாறுவதைப் பார்க்கின்றனர். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நேரும் மாற்றமும் இதில் தெரியும். ஆனால் மூளையின் எந்த இடத்தில் அது நேர்ந்தது என்பது தெளிவாகத் தெரியாது.

இரண்டாவது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன். மூளையில் வேலை நடக்கும் பகுதிக்குப் பிராணவாயு நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் ஓடும் போக்கைப் பார்த்தே எந்த மடை திறந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லி விடுவீர்கள் அல்லவா? அதுபோல இரத்தம் பாயும் போக்கைப் பார்த்து, எப்பகுதி இயங்குகிறது என்று கணிக்கலாம். இதற்கு அடிப்படையான முறையை 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவும் உடனிருந்தோரும் வெளியிட்டனர். மடை திறந்த சில நேரம் கழித்தே கடைமடைக்குத் தண்ணீர் வருவது போல, இரத்த ஓட்டமும் சில நொடிகள் தாமதித்தே கூடும். இது இம்முறையின் குறை. இவையன்றி, கண் எந்த இடத்தை முதலில் பார்க்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பதிவு செய்யும் கருவிகளும் உண்டு.

விலை கேட்டதும் வயிறு எரிவது

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் நட்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். 26 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, முதலில் ஒரு பொருளைக் காட்டினர். பிறகு அதன் விலையைக் காட்டினர். அதன் பின்னர் "வாங்குகிறேன்" அல்லது "வேண்டாம்" என்று பொத்தானை அழுத்தச் சொன்னனர். விரும்பிய பொருளைக் கண்டதும் மூளையின் அடிப்பகுதியில் இன்பத்தை எதிர்நோக்கும் பகுதி ஒன்று இயங்கியது. விலை மிகுதி என்று தோன்றியபோது 'இன்சுலா' என்னும் வேறு பகுதி இயங்கியது. உடல் வலியிலும் அருவருப்பிலும் இயங்குவது இதே இன்சுலாதான். அவர்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, இந்த இயக்கங்களைக் கொண்டு முடிவை ஓரளவு ஊகிக்க முடிந்தது. விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது என்று நம் பெண்கள் சொல்வது வெறும் பேச்சு வழக்கன்று என்பது இதனால் விளங்கும்.

ஆனால் விலை எப்போதும் எரிச்சலை மட்டும் தருவதில்லை. 2008ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு ஆய்வில் 20 பேருக்குத் திராட்சை மது சுவைக்கத் தரப்பட்டது. ஒரே மதுவை ஒரு முறை 10 டாலர் என்றும், மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தனர். 90 டாலர் என்றபோது சுவை உயர்வாக இருப்பதாக அவர்கள் கூறினர். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. அவர்கள் நடிக்கவில்லை. விலையே சுவையாக மாறிவிட்டது.

பெயரும் அப்படித்தான். 2004ஆம் ஆண்டில் 67 பேரைக் கொண்டு கோக், பெப்சி பானங்களை ஒப்பிட்டனர். பெயர் சொல்லாமல் கொடுத்தபோது இரண்டையும் விரும்பியோர் ஏறத்தாழ சரிபாதி. கோக் என்று பெயர் காட்டிக் கொடுத்தபோதோ, நினைவுகளோடு தொடர்புள்ள பகுதிகளும் இயங்கத் தொடங்கின. விருப்பமும் அப்பக்கம் சாய்ந்தது. வாய் குடித்தது பானத்தை. மூளை குடித்தது பல ஆண்டு விளம்பரத்தை. நம் பக்கத்தில் 'மதுரை மல்லி' என்று சொன்னவுடன் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர் மனத்தில் எழுவதும் இத்தகைய நினைவுதான். 2013ஆம் ஆண்டில் மதுரை மல்லிக்கும், 2023ஆம் ஆண்டில் சோழவந்தான் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்தப் பெயருக்கு ஒரு விலை உண்டு. அந்தப் பெயரில் வேறு ஊர்ச் சரக்கைக் கலந்து விற்றால் அடிபடுவதும் அந்த விலையே.

மல்லிகையும் ஷாம்பு உறையும்

மணம் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது பொருந்தும். மதுரை விவசாயிக்கு இது சோற்றுக்கு வழி செய்யும் விஷயம்.

கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் முதலில் மூளையின் நடுவே உள்ள 'தலாமஸ்' என்னும் பகுதிக்குச் சென்று, அங்கிருந்தே பிற பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. மணம் மட்டும் அந்த வழியில் காத்திருப்பதில்லை. மூக்கின் மேற்புறத்திலுள்ள நரம்புகள் வழியே, உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு அருகிலேயே நேரடியாகச் சென்று சேர்கிறது. மனிதர் மூக்கில் மணத்தை ஏற்கும் வாங்கிகள் ஏறத்தாழ 400 வகை உள்ளன. இவற்றை உண்டாக்கும் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. மல்லிகையின் மணம் ஒரே பொருளால் ஆனதன்று. லினலூல், பென்சைல் அசிடேட், இண்டோல் எனப் பல பொருள்கள் கலந்து எழுவது. அந்தக் கலவை மூக்கில் பட்டதும், கோயில் பிரகாரமோ, தாயின் கூந்தலோ, கல்யாண வீடோ நினைவுக்கு வந்து விடுகிறது. கை தானே பணப் பைக்குச் செல்கிறது.

இதை ஸ்கேன் கருவி இல்லாமலே அறிந்து பயன்படுத்தியவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார். கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பு உற்பத்தியைத் தொடங்கினார். ஷாம்பு அப்போது பெரும்பாலும் நகரத்துப் பொருள். அதைச் சிறு உறையில் அடைத்துக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றனர். ஊர்ப் பொது இடத்தில் பள்ளிச் சிறுவன் ஒருவனின் தலையை ஷாம்பு போட்டு அலசி, கூடியிருந்தோரை அவன் முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னனர். காலி உறைகளைக் கொண்டு வந்து கொடுப்போருக்கு ஒரு புது உறை இலவசமாகத் தரப்பட்டது. பின்னர் மல்லிகை மணத்திலும் ரோஜா மணத்திலும் அதே ஷாம்புவை வெளியிட்டபோது விற்பனை மளமளவென உயர்ந்தது. தலையில் பூ வைக்கும் ஊரில் பூ மணத்தை விற்றனர். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்று அளந்து சொல்வதில் பாதியை இந்த ஒரு வரலாற்றிலேயே காணலாம்.

மல்லிகை விவசாயி இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மொட்டு மாலையில் விரியும்போதுதான் மணம் முழுமையாக எழுகிறது. முழம் போட்டு வாங்கும் பெண்மணி அந்த மணத்துக்கே விலை கொடுக்கிறார். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் எடை போட்டு வாங்கும் வியாபாரியோ, அந்த நேரம் வரை விரியாமல் நிற்கும் மொட்டுக்கு விலை கொடுக்கிறார். எனவே முதல் நாள் தப்பிப் போன, விரிந்த பூக்களைக் காலை மொட்டுடன் கலக்கக் கூடாது. எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளித்த மொட்டு விரைவில் பழுப்பேறி விடும். சாக்கில் அன்று தப்பித்தாலும், மறுநாள் அந்தச் சாக்கின் சொந்தக்காரர் முகம் வியாபாரியின் நினைவில் நிற்கும்.

கொசுறு வேலை செய்யும் விதம்

மூளை நினைவில் வைத்துக் கொள்ளும் விதத்தைச் சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷூல்ஸ் என்னும் விஞ்ஞானி குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். நடுமூளையில் 'டோபமின்' என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தபோது இவை துடிப்புடன் இயங்கின. விளக்கு எரிந்த பின் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கைக் கண்டவுடனே இயங்கின. சாறு விழும்போது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வழக்கமான இயக்கமும் குறைந்து போயிற்று. இக்கருத்தை விளக்கும் கட்டுரை 1997ஆம் ஆண்டில் வெளியாகிப் பெரும்புகழ் பெற்றது. மனிதரை ஸ்கேன் செய்தபோதும் இதே போக்கு பின்னர் காணப்பட்டது.

இப்போது நம் சந்தைக்கு வாருங்கள். காய்கறி வாங்கியவர் பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தண்டும் போடுகிறீர்கள். முதல் முறை அது அவர் எதிர்பாராதது; மகிழ்ச்சி மிகுதி. பத்தாவது முறை அது வழக்கம். கொடுத்ததை அவர் கவனிப்பது கூட இல்லை. பதினோராவது முறை கொடுக்காவிட்டாலோ முகம் சுருங்குகிறது. "கொசுறு இல்லையா?" என்று கேட்டு விடுகிறார். கேட்காமல் போகிறவர் அடுத்த கடைக்குப் போகிறார். ஆகவே கொசுறைத் தொடங்கியவர் நிறுத்தக் கூடாது. நாள்தோறும் கறிவேப்பிலை தரும் நீங்கள், தோட்டத்தில் எலுமிச்சை மிகுந்த வாரத்தில் ஒரு பழம் போட்டுப் பாருங்கள். மகிழ்ச்சி மீண்டும் புதிதாகும்.

கூடையின் மேலே நல்ல காயும் அடியில் சொத்தைக் காயும் வைப்பதன் விளைவையும் இதைக் கொண்டே அறியலாம். மேல் காயைக் கண்டு எழுந்த எதிர்பார்ப்பு, வீட்டில் பை கொட்டும்போது விழுந்து விடுகிறது. அந்த ஏமாற்றத்தை மூளை உங்கள் கடையோடு சேர்த்துப் பதிந்து கொள்கிறது. உழவர் சந்தைத் திட்டம் 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில்தான் முதன்முதலில் தொடங்கப்பட்டது. தரகர் இல்லாமல் விவசாயியும் வாங்குவோரும் நேருக்கு நேர் நிற்கும் இடம் அது. மொத்த வியாபாரிக்கு விற்ற சொத்தைக் காய்க்கு முகம் இல்லை. இங்கு உண்டு. ஆகவே வீட்டிலேயே தரம் பிரித்து, சிறுத்த காயைத் தனிக் குவியலாகக் குறைந்த விலைக்கு வைப்பதே சிறந்தது.

காட்சிக்கும் சில யோசனைகள் கூறலாம். கத்தரிக்காயில் வாங்குவோர் காம்பின் பசுமையைப் பார்க்கின்றனர். எனவே காம்புப் பக்கம் தெரியும்படி அடுக்கவும். நீல நிறத் தார்ப்பாயின் கீழ் தக்காளி கறுத்துத் தெரியும். வெள்ளைத் துணி நிழலே ஏற்றது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவரை அதட்ட வேண்டாம். கையில் எடுத்துத் தொட்ட பொருளைத் தமதாகவே எண்ணும் மனப்பாங்கு கூடுகிறது என்று 2009ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுகிறது. நாலு வெண்டைக்காய் ஒடிவது விளம்பரச் செலவு.

செத்த மீனின் மூளை

இவ்வளவையும் படித்து, ஸ்கேன் கருவி மனத்தை அப்படியே படித்து விடும் என்று எண்ணி விடாதீர்கள். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிரெய்க் பென்னெட்டும் குழுவினரும் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் கருவியில் வைத்தனர். அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்றும் கேட்டனர். கணக்கைச் சரிவரத் திருத்தாமல் பார்த்தபோது, செத்த மீனின் மூளையும் இயங்குவது போலப் படத்தில் புள்ளி தெரிந்தது! ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் சோதித்தால், சில இடங்களில் தற்செயலாகவே புள்ளி விழும் என்று எச்சரிப்பதே அவர்கள் நோக்கம். 2012ஆம் ஆண்டில் இவ்வாய்வுக்குச் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. மேலும், மேலே கூறிய ஆய்வுகள் இருபது, அறுபது பேரைக் கொண்டு நடந்தவை. இன்சுலா இயங்கினால் விலை மிகுதி என்றுதான் பொருள் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அப்பகுதி வேறு பல வேலைகளுக்கும் இயங்குவதே காரணம். பிரான்சு நாடு 2011ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, மூளைப் படம் எடுப்பதை மருத்துவம், அறிவியல் ஆராய்ச்சி, நீதிமன்றத் தேவை ஆகியவற்றுக்கு மட்டும் உரியதாக்கியது. வணிகத்துக்கு அங்கு இடமில்லை. இது நல்ல முடிவு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

நீங்கள் வாங்கும்போது

ஆடிப் பட்டத்துக்கு முன் விதைக் கடைக்குள் நுழைகிறீர்கள். கண்ணைப் பறிக்கும் பொட்டலங்கள் தொங்குகின்றன. மிளகாய்ப் பொட்டலத்தில் செடி முழுதும் செக்கச் சிவந்த பழம். பூச்சிமருந்துப் புட்டியில் பாயும் புலி அல்லது படமெடுத்த பாம்பு. நீங்கள் கையை நீட்டும் முன்பே மூளையில் அந்த இன்பப் பகுதி வேலையைத் தொடங்கி விடுகிறது. கண்ட அந்த மகசூல் பொட்டலத்தின் மேல் உள்ள காகிதத்தில் விளைந்தது.

ஆகவே படத்தைத் திருப்பி வைத்துவிட்டு அட்டையைப் படியுங்கள். சான்று பெற்ற விதைக்கு நீல நிற அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை நிற அட்டை. வல்லுநர் விதைக்கு மஞ்சள் நிற அட்டை. உற்பத்தியாளரே உண்மை நிலை கூறி விற்கும் விதைக்கு இளம்பச்சை அட்டை. இதற்குச் சான்றளிப்புத் துறையின் வயல் ஆய்வு இல்லை என்பதை நினைவிற் கொள்ளவும். ரகத்தின் பெயர், குவியல் எண், பரிசோதித்த தேதி, காலாவதி நாள், முளைப்புத் திறன் ஆகியவற்றைப் பார்க்கவும். சான்று பெற்ற நெல் விதையில் முளைப்புத் திறன் குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும்.

மருந்துப் புட்டியில் புலியை விட்டுவிட்டு, சாய்வாக நிற்கும் சதுரத்தைத் தேடுங்கள். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறமே முக்கியம். சிவப்பு மிகக் கடும் நஞ்சு. மஞ்சள் கடும் நஞ்சு. நீலம் நடுத்தர நஞ்சு. பச்சை குறைந்த நஞ்சு. பச்சையைக் கண்டதும் பயிரின் நினைவு வந்து, பயமில்லை என்று மனம் சொல்லும். ஆனால் பச்சை முக்கோணத்தின் மேலும் எச்சரிக்கைச் சொல் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கும் கையுறையும் முகத்துணியும் தேவை.

கடைக்குப் போகும் முன்பே வேண்டிய ரகத்தையும், மருந்தின் இரசாயனப் பெயரையும், அளவையும் ஒரு சீட்டில் எழுதிக் கொள்ளவும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு எழுதுவது நலம். "இதைவிட இது நல்லா கேக்கும் அண்ணே" என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டினால், சீட்டையும் அதையும் ஒருசேரப் பார்க்கவும். பணம் கொடுத்தவுடன் குவியல் எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கவும். விதைப் பொட்டலத்தையும் அட்டையையும் அறுவடை முடியும் வரை எறிந்து விடாமல், ஒரு கைப்பிடி விதையுடன் பத்திரப்படுத்தி வைக்கவும். முளைப்பு குறைந்தால் விதை ஆய்வாளரிடம் காட்ட வேண்டியவை இவைதாம்.